பதினோரு மணி

தாமான் மெலாவத்தியின் கடைசி வரிசையில்
கேட்டுக்குப் பின்னிருந்து ஒரு நாய்
எங்களைக் குரைத்துக் குரைத்து எண்ணியது. மூன்று.
ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம்.
இருதயராஜ் அனுமதித் தாளை
நாசி லெமாக் பொட்டலத்தோடு ஒரே பையில் வைத்திருந்தான்.
வனத்துறை முத்திரையில் சம்பல் எண்ணெய்.

செண்பகவல்லி விதி ஒன்று சொன்னாள்:
பதினோரு மணிக்கு
எங்கே நின்றாலும் திரும்புகிறோம்.
"உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலுமா?"
"கையை மடக்கிக்கொள்."

அவள் மஸ்கட்டில் மூன்று வருடம் தாதியாக இருந்தவள்.
வெள்ளிக்கிழமைகளில் வறண்ட மலையிடுக்குகளுக்குள் போய்
மறுபக்கம் உச்சிவழியாக வருவாளாம்.
மரமே இல்லாத மலை, ஆட்டுத்தடம்,
நிழல் வேண்டுமென்றால் தொப்பியைக் குனிந்து பார்க்க வேண்டும்.
அங்கே தண்ணீரைச் சுமந்துகொண்டு நடந்தோம்,
இங்கே தண்ணீருக்குப் பயந்து நடக்கிறோம் என்றவள்
பேச்சை விட்டுவிட்டு மேற்கைப் பார்த்தாள்.

முதல் கயிறு வரை மண், வேர், மூச்சு.
அதற்குமேல் மலை தன் தோலை உரித்துப் போட்டிருந்தது.
வெள்ளைப் படிகக்கல்,
உடைந்த பீங்கான் கடைபோல விளிம்பு விளிம்பாக.
கால் போகும் இடத்தைக் கை முதலில் விசாரித்தது.
இடப்பக்கம் நீர்த்தேக்கம், ஒரு படகு, அதில் ஆளில்லை.
வலப்பக்கம் கோலாலம்பூர் இன்னும் விளக்கை அணைக்கவில்லை.
நடுவே எங்களுக்கு விட்டிருந்தது
ஒரு சாப்பாட்டு மேசையின் அகலம்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
அதோ, அந்தக் கோபுரங்களில் மூன்றுக்கு என்னிடம் சாவி உண்டு.
அறுபதாவது மாடிக்கு நாற்பத்தொரு விநாடி.
ஏறுகிறவர்கள் யாரும் ஏறுவதில்லை.
நிற்கிறார்கள், கைப்பேசியைப் பார்க்கிறார்கள்,
கதவு திறந்தால் அங்கே உயரம்.
இங்கே அதே உயரத்துக்கு
இரண்டு முழங்கால், ஒரு முழங்கை,
கயிற்றில் யார் யாரோ விட்டுப்போன வியர்வையின் வழவழப்பு.

மூன்றாவது முகட்டில்
இருதயராஜின் இடது காலணி வாயைத் திறந்தது.
ஆறு வருடம் அலமாரியில் பொறுத்திருந்த பசை
இந்த இடத்தில் வந்து முடிவெடுத்திருக்கிறது.
சிரித்தான். பள்ளத்தைப் பார்த்தான்.
அப்புறம் சிரிக்கவில்லை.
என் பையில் நான்கு கேபிள் டை, அரைச் சுருள் கறுப்பு டேப்.
பாறைமேல் குந்தி அவன் காலைக் கட்டினேன்.
வேலைச் சீட்டு இல்லாத வேலை.
இருபது நிமிடம் போயிற்று.

பத்து ஐம்பத்தாறு.
கடைசி முகடு தெரிகிறது, அதில் யாரோ கட்டிய துணிக்கிழிசலும்.
"பத்தே நிமிஷம்," என்றான் இருதயராஜ், "மிஞ்சினா பன்னிரண்டு."
செண்பகவல்லி கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.
தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகினாள்,
திறந்தாள், குடிக்காமல் திரும்பவும் திருகினாள்.
எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை.
அந்நேரம் பெட்டாலிங் ஜெயாவைக் காணோம்.
அப்புறம் என் மூன்று கோபுரங்களையும் காணோம்.

பதினொன்று.

இரண்டாவது கயிற்றில் மழை எங்களைப் பிடித்தது.
கல் சோப்புக்கட்டியாயிற்று.
"உக்காந்து இறங்குங்க, மானம் ஒண்ணும் போகாது."
உட்கார்ந்தே இறங்கினோம் மூவரும்,
மாடிப்படி பழகும் பிள்ளைகள் மாதிரி,
கால்சட்டையின் பின்பக்கத்தை மலைக்குக் கொடுத்து.
மாமாக் கடையில் தே தாரிக் வந்தபோதுதான்
என் கைகள் நடுங்குவதை நான் பார்த்தேன்.
அவள் கைகளும்.

திங்கட்கிழமை, சோதனை ஓட்டம்.
ஐம்பத்தெட்டில் லிஃப்டை நிறுத்தினேன்.
வடக்குக் கண்ணாடியில், காட்டுப் பச்சைக்கு நடுவே,
அந்த வெள்ளைக் கோடு.
எங்கள் பத்து நிமிடம் இன்னும் அங்கேதான் கிடக்கும்,
மிஞ்சினால் பன்னிரண்டு.
கீழே யாரோ பொறுமையில்லாமல்
பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.