ஓவின் மேல் ஒரு கீற்று

போர்ட் லூயி துறைமுகத்தில்
மீன்பிடிக் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில்
எனக்குக் கணக்கெழுதும் வேலை.
உப்பு, முட்டைக்கோஸ், டீசல், சிகரெட்.
சூரை பிடிக்க வரும் ஸ்பானியர்களுக்கு
பில்லைக் கண்டால் மட்டும்
பிரெஞ்சு மறந்துவிடும்.
அதனால்தான் இந்த முப்பத்தொன்பது வயதில்
இறந்தகாலம் படிக்கிறேன்.

போன செவ்வாய், ரசீதில் 'பாகோ' என்று எழுதினேன்.
இன்ஜினியர் சாபியர் சிரித்துவிட்டார்.
கடைசி ஓவின் தலையில் கீற்று இல்லையாம்.
இருந்தால்: அவர் செலுத்தினார்.
இல்லாவிட்டால்: நான் செலுத்துகிறேன்.
நாற்பது டன் உப்புக்கு
ஒரு நொடியில் கடன்காரி ஆனேன்.
என் பேனாவை வாங்கி அவரே போட்டார்,
தீக்குச்சி கிழிக்கிற மாதிரி.

நம் எழுத்தில் தலையில் புள்ளி விழுந்தால்
உயிர் போகும்.
அவர்கள் எழுத்தில் கீற்று விழுந்தால்
இன்று போகும், கூடவே நானும்.

கிரியோலில் இந்தத் தொல்லை கிடையாது.
முன்னால் ஒரு 'தி' போதும்.
மோ தி பேயே, தோ தி பேயே, லி தி பேயே.
யார் செலுத்தினாலும் வினைச்சொல் அசையாது.
இங்கே ஆளுக்கொரு வால்:
பேசினேன், ஆப்லே.
பேசினாய், ஆப்லாஸ்தே.
பேசினானுக்கும் பேசினாளுக்கும் ஒரே ஆப்லோ.
மாலை பஸ்ஸில் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வருகிறேன்.
பக்கத்து சீட்டுக்காரி ஜெபம் என்று நினைத்து
நகர்ந்து உட்காருகிறாள்.

ஆப்லாமோஸில் நின்றேன்.
பேசுகிறோம், பேசினோம், இரண்டுக்கும் அதுதான்.
வாழ்கிறோம், வாழ்ந்தோம், அதற்கும் ஒரே பிபீமோஸ்.
கீற்றுகூட இல்லை.
முன்பின் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமாம்.
சாப்பிடுவதில் மட்டும் பிரிகிறது:
கொமேமோஸ், சாப்பிடுகிறோம்.
கொமீமோஸ், சாப்பிட்டோம்.
சரிதான்.
தயாளனும் நானும் அங்கேதான் முதலில் பிரிந்தோம்.
அவருக்கு எட்டு மணி,
எனக்கு ஒன்பதரை, மூடிவைத்த தட்டு.

பயிற்சி நான்கு: ஒரு வாக்கியம் எழுதுக.
ரோஸ் ஹில்லில் பிபீமோஸ், என்று எழுதினேன்.
எந்தக் காலம் என்று நோட்டு கேட்கவில்லை.
நாமா, நாங்களா என்றும் கேட்கவில்லை.
வியாழக்கிழமை கோர்ட்டில் கேட்பார்கள்.

அடுத்த சொல் ஃபிர்மோ.
கீற்று போட்டால், அவர் கையெழுத்துப் போட்டார்.
அது உண்மை, போன மாதமே போட்டார்.
போடாவிட்டால், நான் போடுகிறேன்.
பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கையில்
கோரமண்டல் வளைவில் பஸ் குலுங்கியது.
கீற்று விழுந்தது,
ஓவின் மேல் அல்ல, நடுவிலிருந்த ஐயின் மேல்.
அப்படி ஒரு சொல்
அந்த மொழியிலேயே இல்லை.