வேலிக்கு இந்தப் பக்கம்

படிவத்தில் 'இடம்' என்று ஒரு கட்டம்.
வளாகத்துக்குள், வளாகத்துக்கு வெளியே:
ஒன்றில் மட்டும் குறி போடு.
ஜக்கராந்தா உதிர்ந்து நீலமாய்க் கிடக்கும்
நூலகப் பாதைக்கு
மூன்றாவது கட்டம் கிடையாது.

காலை ஆறரைக்கு வந்தாள்.
இரண்டாம் ஆண்டு, கணக்கியல்.
காலில் தோழியின் ரப்பர் செருப்பு,
இரண்டு அளவு பெரிது.
பெயர் சொன்னாள். இங்கே எழுத மாட்டேன்.
அறிவிப்பிலும் எழுதக் கூடாது, விதி;
நல்ல விதி.
ரூய்போஸ் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.
குடிக்கவில்லை, கோப்பையைப் பிடித்திருந்தாள்.
எத்தனை மணிக்கு என்றேன்.
"லைட் போன பிறகு."
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருட்டுக்கும் அட்டவணை உண்டு:
எட்டு முதல் பத்தரை.
அந்த ஒரு கட்டம்தான் எளிதாக நிரம்பியது.

ஒன்பதுக்குத் துணைப் பதிவாளர் தம்பிரான்:
"கோகிலா, அந்த விளக்குக் கம்பம் நகராட்சியுடையது.
கம்பம் நகராட்சி என்றால் பாதையும் நகராட்சி.
வெளியே என்று போடு.
இந்த ஆண்டு நம் எண்ணிக்கை நான்கு.
போன ஆண்டைவிடக் குறைவு, தெரியுமா?"
அதட்டவில்லை.
என் மகனின் கட்டணத்துக்குத்
தவணை வாங்கித் தந்த மனிதர்.
அதுதான் கஷ்டம்.

மதியம் சாப்பிடாமல் இறங்கிப் போனேன்.
காவலாளி தூலானி டேப்பின் நுனியை
வேலியில் பிடித்துக்கொண்டான்.
பத்து மீட்டரில் டேப் முடிந்தது.
மிச்சத்தைக் காலால் அளந்தேன்,
தமிழில்.
சனிக்கிழமை வகுப்பில் படித்ததில்
தடுமாறாமல் வருவது எண்கள் மட்டும்தான்.
பதினேழில் கால் நின்றது.
பூக்களுக்கடியில் ஒரு செருப்பு,
வார் அறுந்து.
தொடவில்லை.
போலீஸ் வரும்வரை தூலானி அதன் பக்கத்தில் நின்றான்,
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.
தலைக்கு மேலே ஒரு ஹடீடா கத்திக்கொண்டே போனது,
பறிகொடுத்தது தான்தான் என்பது போல.

மேலிருந்து வந்திருந்த வரைவு:
"வளாகத்தின் அருகில் ஒரு சம்பவம்.
மாணவிகள் இரவில் தனியே நடக்க வேண்டாம்."

சம்பவம்.
மழை சம்பவம். கல்யாணம் சம்பவம்.
அதை அடித்தேன்.
அருகில் என்பதை அடித்தேன்.
மாணவிகளுக்குச் சொன்ன புத்தியையும் அடித்தேன்;
நடந்தது அவள் குற்றமில்லை.
பிறகு நிரப்பினேன்:
"நேற்றிரவு எட்டுக்கும் பத்தரைக்கும் இடையே
நூலகப் பாதையில், வேலிக்கு உள்ளே,
மாணவி ஒருவர் தாக்கப்பட்டார்.
தாக்கியவர் இன்னும் பிடிபடவில்லை.
அந்தப் பாதையில் விளக்கு இல்லை.
துணைக்குக் காவலர் வேண்டுமென்றால்
இந்த எண்ணை அழையுங்கள்."

அனுப்பு என்ற பொத்தான் சிறியது.
ஒன்பதாயிரம் போன்கள்.
தாழ்வாரம் முழுக்க ஒரே நேரத்தில் சிணுங்கியது,
கூடவே எதிர் அறையில், அவருடையதும்.

ஐந்து மணிக்கு என் மேசையருகே வந்து நின்றார்.
ஆறிப்போன கோப்பையைப் பார்த்தார்.
"அளந்தாயா?"
"அளந்தேன்."
"எத்தனை?"
"டேப் முடிந்த பிறகும், பதினேழு."