எழுபத்திரண்டு

டிசம்பர் புயல்
பெய்னிர் வீட்டு டிராம்போலினைத்
தூக்கி வந்து என் உருளைக்கிழங்குப் பாத்தியில்
கவிழ்த்துவிட்டுப் போனது.
கிளாக்ஸ்விக்கில் இதெல்லாம் செய்தியே இல்லை.
அதை எடுக்க அவனே வர வேண்டியிருந்தது,
அதுதான் செய்தி.
படகுக் கொட்டகையை விற்ற நாளிலிருந்து
எட்டு வருடம் எங்களுக்குள் பேச்சில்லை.

முழுதாய் வேலியைத் தாண்டாது;
அந்த வழி காற்றுக்கு மட்டும்தான்.
கழற்ற வேண்டும்.
ஒரே பக்கமாய்க் கழற்றினால்
மிச்ச ஸ்பிரிங்குகள் சேர்ந்து இழுத்துச்
சட்டம் கோணிவிடும்.
இங்கே ஒன்று, நேர் எதிரே ஒன்று.
ஒற்றை ஆள் சுற்றிச் சுற்றி வந்தால் பொழுது சாய்ந்துவிடும்.
இந்த மாதத்தில் பொழுது
மூன்று மணிக்கே சாய்கிறது.

கையுறை மாட்டிக்கொண்டு
எதிரே போய் நின்றேன்.

"ஒன்று" என்றான்.
"முப்பத்தேழு" என்றேன்.

என் சமையலறை மேசையில் கொட்டிப் பிரித்தோம்.
நல்ல ஸ்பிரிங் சும்மா கிடக்கையில்
சுருளோடு சுருள் ஒட்டிக் கிடக்கும்.
யாரும் இழுக்காதபோதும்
நடுவில் வெளிச்சம் தெரிந்தால், அது போயிற்று.
உடம்பில் துரு என்றால் தேய்த்துப் பார்க்கலாம்,
கொக்கியின் கழுத்தில் என்றால் குப்பைக்கு.
கடலுப்பு முதலில் கழுத்தைத்தான் பிடிக்கிறது.

இருபத்துமூன்று தேறவில்லை.

அவன் ஒன்றைப் பிடித்து இழுத்து அளந்தான்.
"சும்மா இருக்கும்போது அள.
கொக்கி முனையிலிருந்து கொக்கி முனை."
பதினேழரை சென்டிமீட்டர்.
பதினெட்டு என்று எழுதினான்.
அடித்துத் திருத்தினேன்.
கொட்டகைக் கணக்கிலும் இதே கையெழுத்துதான்.
சொல்லவில்லை.
துத்தநாகப் பூச்சு உள்ளதாய் வாங்கு என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரலில்
அவன் முற்றத்தில் மறுபடி எதிரெதிரே.
புதியவற்றைப் பழையவற்றுக்கு நடுவே தூவினோம்,
ஒரு பக்கமே விறைப்பாய் இருந்தால்
பிள்ளையை மறுபக்கம் தள்ளிவிடும்.
எண் ஏற ஏற இழுப்பு கூடியது.
முப்பத்தாறு, அவன் முடித்தான்.
எழுபத்திரண்டு
என் பக்கம்.
கொக்கி துளைக்கு ஒரு விரல் முன்னால் நின்று
வரமாட்டேன் என்றது.

சட்டத்தைச் சுற்றி நடந்து வந்தான்.
ஒரே பிடியில் நான்கு கை.
டக்.

நன்றி எல்லாம் இல்லை.
சுன்வோர் பூட்ஸோடு ஏறினாள்.
"கழற்றுடி!"
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.
அவள் எங்களை மாறிமாறிப் பார்த்தாள்.

புதனன்று காற்று வரும் என்று வானொலி சொன்னது.
காலையில் பார்த்தால்
டிராம்போலினுக்கு நான்கு கயிறு.
மூன்று அவன் நிலத்து முளைகளில்.
நான்காவது
என் வேலிக் கம்பத்தில்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன்.
தளர்வாய் இருந்தது.
இறுக்கினேன்.