ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டாம்

பழைய சேப்பலின் அடித்தளம்தான் எங்கள் கிளப்.
வியாழன்தோறும் ஆறரைக்குத் திறக்கும்.
வெளியே வேல்ஸ் மழை,
ஸ்லேட் குவியல்கள் மேல்
நேராகப் பெய்யத் தெரியாத மழை.
நான் கலை வளர்க்க வருவதில்லை.
ரேடியேட்டர் ஓரம் போனுக்கு சார்ஜ் ஏறும்,
எனக்கும்.

சுவரில் நெஸ்டா எழுதி ஒட்டியது, சிவப்பு மார்க்கரில்:
'ஓவனும் பசைத் துப்பாக்கியும்
ஒரே நேரத்தில் வேண்டாம்.'
கீழே மூன்று ஆச்சரியக்குறி.
மூன்றாவது போன மாதம் சேர்ந்தது.

கெத்தின் ஒரு திமிங்கலம் கட்டுகிறான்,
சனிக்கிழமை விளக்கு ஊர்வலத்துக்கு.
வில்லோ குச்சிகள் வளைந்து வளைந்து
இப்போதைக்கு உருளைக்கிழங்கு.
வால் வந்தால் தெரியும் என்கிறான்.
மூன்று வாரமாக
வந்துகொண்டே இருக்கிறது வால்.

மாப்லி அடுப்புப் பக்கம்.
இரண்டு தட்டு பிஸ்கட் உள்ளே,
மிச்ச மாவு மேசை மேல்.
டைமர் கழுத்தில் தொங்குகிறது
நடுவரின் விசில் மாதிரி.

"ரெண்டே நிமிஷம்" என்றான் இவன்.
"ரெண்டே நிமிஷம்" என்றாள் அவள்.

பட்.

இருட்டில் முதலில் கேட்டது
ஃப்ரிட்ஜ் மூச்சை நிறுத்தியது.
அப்புறம் ஒரு சிரிப்பு.
யாருடையது என்று
இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஃபியூஸ் பெட்டிக்குப் பூட்டு.
சாவி இட்வாலிடம்.
இட்வால் பாடகர் குழு ஒத்திகையில்.
அங்கே போனை அணைக்காதவன் மனிதனே இல்லை.

பேசினால் காசு கேட்பார்களோ
என்பதுபோல் இருக்கிற டெய்லோ
அலமாரிக்குள் தலையை விட்டான்.
கேரவனில் வைக்கிற கேஸ் அடுப்பு ஒன்று,
அதன் பின்னால் கல்.
இரும்புதான்.
இங்கே எல்லோரும் அதைக் கல் என்றே சொல்வோம்.

மாவில் உலர்திராட்சையைக் கொட்டி
உள்ளங்கையால் தட்டினான்,
வெண்ணெய் தொட்டுக் கல்லில் போட்டான்.
அளக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை.
வாசனை எழுந்தபோது
சண்டைக்குத் தயாராக இருந்த மாப்லி
வாயை மூடிக்கொண்டாள்.

கெத்தின் வாலைக் கையில் பிடித்தபடி நின்றான்,
ஒட்ட வழியில்லாமல்.
அவன் முகத்தைப் பார்க்காமலே
ஒரு பிடி மைதாவைத் தண்ணீரில் கரைத்து
"தள்ளு" என்று டெய்லோவிடம் சொல்லி
கிண்டினாள். கூழானது. பசையானது.
ஒரே தீ, முறைவைத்து:
ஐந்து நிமிஷம் கேக்,
ஐந்து நிமிஷம் பசை.
விரலால் வழித்துப் பூசி
டிஷ்யூ தாளைத் திமிங்கலத்துக்குத் தோலாக்கினோம்.

இருட்டில் ஒருவர்
கேக்கைத் தப்பான கிண்ணத்தில் தோய்த்துச் சாப்பிட்டார்.
நான்தான். உப்பு கொஞ்சம் குறைவு.

பிறகு எல்லா போன்களும் அதன் வயிற்றுக்குள்,
டார்ச் எரிய.
உருளைக்கிழங்குதான்.
ஆனால் நீந்துகிற உருளைக்கிழங்கு:
விலா எலும்புகள் கூரையில் அசைந்தன,
ஒன்பது பேரும்
அதற்குள் விழுங்கப்பட்டவர்கள் மாதிரி மென்றுகொண்டிருந்தோம்.

ஒன்பது மணிக்கு நெஸ்டா
படிவத்தை என்னிடம் தள்ளினாள்.
கிளப்புக்குக் காசு தருகிறவர்கள் கேட்பார்களாம்.
வந்தவர்கள்: ஒன்பது.
கற்ற திறன்:
"மின்சாரம்" என்றான் கெத்தின்.
செய்தவை: முப்பத்திரண்டு.
உண்டவை: இருபத்தாறு.

கணக்கு உதைத்தது.
நிமிர்ந்தேன்.
டெய்லோ மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்,
ஒரு பக்கப் பையை மட்டும்
நசுங்காமல் தூக்கிப் பிடித்தபடி.
அவன் வீட்டில் தம்பிகள் இரண்டு பேர்.

கருகியவை: ஆறு
என்று எழுதினேன்.

மாப்லி தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள்.
"என் பொறுப்பில் எதுவும் கருகி…"
என்று தொடங்கியவள்
கதவருகே பார்த்தாள்.
டைமரைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
"இருட்டு. யார் கண்டது" என்றாள்.

திமிங்கலத்தின் வயிற்றில் கைவிட்டு
என் போனை எடுத்தேன்.
மூன்று சதவீதம்.
திரையெல்லாம் மாவு.