ஐநூற்று நாற்பது கிராம்

மாடி வீட்டைக் காலி செய்த பையன்
கேஸ் சிலிண்டரை மறக்கவில்லை,
ஷூ ரேக்கை மறக்கவில்லை.
குளியலறையில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பா.
உள்ளே கிடந்ததைக் கயிறென்றுதான் நினைத்தேன்.

வனத்துறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு
‘இது நம்மூர்ப் பாம்பில்லைங்க,
ஆப்பிரிக்காவுது, காசுக்காரங்க வளக்கறது’ என்றார்.
பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு,
‘எடுத்துக்க ஆள் வர்ற வரைக்கும்
நீங்களே சித்த வெச்சிருங்களேன்.’

பனியன் கம்பெனியில் துணி பார்ப்பவள் நான்.
விளக்கு மேசையில் ரோல் ஓடும்போது
ஓட்டையை, எண்ணெய்க் கறையை, ஊசிக்கோட்டை
கண்ணுக்கு முன்னால் விரல் சொல்லிவிடும்.
அந்த விரலை அதன் முதுகில் வைத்தேன்.
தலையிலிருந்து வால்வரை ஒரே ஊசிக்கோடு.
இரண்டு பக்கமும் தோல்
அளவு தப்பித் தைத்த பனியன்போலத் தொங்கியது.

கோன் நிறுக்கும் தராசில்
தலையணை உறையோடு வைத்து
உறையின் எடையைக் கழித்தால்
ஐநூற்று நாற்பது.
‘ஆயிரத்து முந்நூறாச்சும் இருக்கோணும்’ என்றார்
அவிநாசி ரோட்டு டாக்டர் ரஷீதா,
வெளியே ஒரு லாப்ரடார் குரைத்துக்கொண்டிருக்க.

பசித்து வந்ததற்கு முதலில் தீனி கிடையாது என்பதை
அன்றுதான் கேட்டேன்.
முதலில் தண்ணீர், வெதுவெதுப்பாய், வயிறு நனைய.
அப்புறம் சூடு, ஒரு பக்கம் மட்டும்.
ஒளிய ஓர் இடம்.
அப்புறம் யாரும் எட்டிப் பார்க்காமல் இருப்பது.
கடைசியில்தான் எலி,
அதுவும் சுண்டுவிரல் பருமனில் ஒன்றே ஒன்று.

ஒளிய நான் கொடுத்தது நூல் வந்த அட்டைப்பெட்டி.
‘முப்பதாம் நம்பர் கோம்டு’ என்று அச்சிட்ட பக்கம்
சுவரைப் பார்க்க.

உக்கடத்தில் வாங்கிய எலிகள் ஃப்ரீசரில்.
புரட்டாசி வேறு பிறந்துவிட்டது.
நாச்சிமுத்து முட்டைகூடத் தொடாத மாதம்.
டப்பாவின் மேல் ‘தேங்காய்த் துருவல்’ என்று எழுதினேன்.
இரண்டாம் சனிக்கிழமை, சட்னி அரைக்க
அவர்தான் திறந்தார்.
நாலு நாள் பேச்சில்லை.

பெட்டிக்குள்ளிருந்தும் பதிலில்லை.
வெந்நீரில் சூடேற்றிய எலியை இடுக்கியில் பிடித்து
ஆட்டினேன், நிறுத்தினேன், ஆட்டினேன்.
நாக்கு வந்தது. போயிற்று.
மூன்று வாரம், மூன்று எலி, மூன்றும் காக்கைக்கு.

நாலாவதை விழுங்கியது.
அப்புறம் நான் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும்.
மறுநாளே, பக்கத்து வீட்டு ஜமுனாவுக்குக் காட்ட,
பெருமையில் தூக்கினேன்.
அன்றிரவு டப்பா மூலையில்
பாதி கரைந்த ரோமமும் நாற்றமும்.
ஐநூற்று இருபத்தொன்று.

‘ரெண்டு வாரம் ஒண்ணும் கொடுக்காதீங்க.
தொடவும் வேண்டாம்.’
போனில் டாக்டர் குரலில் கோபமில்லை.
இருந்திருக்கலாம்.

தொடாமல் இருப்பது எனக்குத் தெரியாத வேலை.
துணியென்றால் இழுத்துப் பார்க்கலாம்,
வட்டமாய் வெட்டி நிறுக்கலாம்.
இது அட்டைக்குள் ஓர் இருட்டு.

ஐப்பசி மழையில் டிரான்ஸ்பார்மர் வெடித்து
ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை.
சூட்டு விரிப்பு ஆறிப்போயிருக்கும் என்று எழுந்தால்
அடுப்படியில் டார்ச் வெளிச்சம்.
சோடா பாட்டிலில் வெந்நீர் ஊற்றி
அதற்குத் துண்டு சுற்றிக்கொண்டிருக்கிறார் நாச்சிமுத்து.
‘பாம்புக்கில்ல. நீ தூங்கோணுமல்லோ.’
விடிவதற்குள் மூன்று தடவை பாட்டில் மாற்றினோம்.

பதினைந்தாம் நாள் மறுபடி ஒன்று, முன்னதைவிடச் சிறியது.
வைத்துவிட்டு, விளக்கணைத்து, கதவைச் சாத்தி
வெளியே நின்றேன்.
அட்டையில் ஏதோ தொப்பென்றது.
அவ்வளவுதான் கேட்டது.

மார்கழியில் மாடிப் பையன் செய்தி அனுப்பினான்.
அக்கா, அது இன்னும் உசுரோட இருக்கா?
அறுநூற்று எட்டு என்று பதில் போட்டேன்.
என்ன கணக்கென்று அவன் கேட்கவில்லை.

ஊசிக்கோடு இன்னும் விரலில் தட்டுகிறது.
துணியாக இருந்தால் ரிஜெக்ட் எழுதியிருப்பேன்.
அடுத்த எலி வியாழக்கிழமை.