வெளிர்மஞ்சள் உள்துணி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
ஜாஸ்பர் ராஜின் கடை.
ஒரு பையின் ஜிப்பை எல்லாப் பக்கமும் இழுத்துக் காட்டினார்.
பதினேழு அறை.
குடைக்கு ஒன்று, தண்ணிக்கு ஒன்று,
பேனாவுக்கு நாலு,
எதுக்கென்று அவருக்கே தெரியாத ஒன்று.
'கொள்ளாம் இல்லியா?'

கொள்ளாம்தான்.
ஆனால் அறை குறைந்த பைதான் வேண்டும் என்றேன்.
ஜன்னல் இல்லாத வீடு கேட்டு வந்தவளைப் போல
என்னைப் பார்த்தார்.

டயாலிசிஸ் மெஷின் பழுது பார்ப்பது என் வேலை.
மாதம் ஆறு விமானம், சில மாதம் எட்டு.
ஸ்பேனர் ஸ்குருடிரைவர் எல்லாம் பெரிய பெட்டியோடு
விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும்.
என் தோளில் வருவது லேப்டாப் மட்டும்.
அப்படித்தான் நினைத்திருந்தேன்,
ஜூனில் ஒரு விடிகாலை, திருவனந்தபுரத்தில்,
என் பை மூன்று தடவை அந்தக் குகைக்குள் போய்த் திரும்பும்வரை.

லேப்டாப்பைத் தனி டிரேயில் வைத்தேன்.
சார்ஜர், மவுஸ், சில்லறை,
ஏத்தங்காய் வற்றல் பொதியும் வெளியே வந்தாயிற்று.
இன்னும் திரையில் ஏதோ கறுப்பாக.
பின்னால் ஒருவர்
ஒரு கையில் பெல்ட்டும்
மறுகையில் நழுவும் பேன்ட்டுமாகப் பெருமூச்சு விட்டார்.
நான் என்ன எடுத்துவிட்டேன் என்று
ஒரு குழந்தை அம்மாவிடம் கேட்டது.

கிழிந்த உள்துணிக்கு அடியில்
கறுப்புக்குள் கறுப்பாக
ஒரு ஆலன் கீ. நாலு மில்லிமீட்டர்.
இரண்டு வருடம் நான் தேடியது.
பிளாஸ்டிக் பெட்டியில் போட்டார்கள்,
நகவெட்டிகளோடும் லைட்டர்களோடும்
யாரோ ஒருவருடைய மீசைக் கத்திரியோடும்.

'அப்போ வெளிய இல்ல, உள்ளதான் நெறம் பாக்கணும்.'
ஸ்டூல் போட்டு ஏறினார் ஜாஸ்பர் ராஜ்.
தூசி தட்டிக் கொண்டுவந்த பை
வெளியே சாம்பல், உள்ளே வெளிர்மஞ்சள்.
புத்தகம் மாதிரி ரெண்டாக மல்லாந்தது.
ஒரு பக்கம் லேப்டாப்,
மறுபக்கம் மிச்சமெல்லாம்.
'அழுக்கு தெரியுமேன்னு ஒருத்தரும் எடுக்கல.'

தெரியட்டும்.

கல்லா மேஜையை பெல்ட் ஆக்கினோம்.
டீ கிளாஸ் வந்த தட்டுதான் டிரே.
விமானம் ஏறாதவர் அவர்;
ஆனாலும் 'நெக்ஸ்ட்' என்று சரியாகவே அதட்டினார்.
போனில் நேரம் பார்த்தார்.
முதல் தடவை இருபத்தாறு நொடி, ஜிப் இறுக்கம்.
அடுத்தது பதினொன்று.
அறை குறைவு, விலையும் குறையணும் என்றேன்.
'அறைய எண்ணியா விலை போடுவாவ?'
என்றவர், நூற்றைம்பது குறைத்தார்.

களியக்காவிளையில் பஸ் மாறினேன்.
நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின்
காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.
அமரவிளையில் பஸ்ஸை நிறுத்தி ஏறிய காக்கி
கடைசி சீட்டுப் பையன்களைக் குடைந்துவிட்டு
என் மடியைக் காட்டிக் கேட்டது:
'இதில் எந்தா?'

கை தானாக இயங்கியது.
பையை முழுசாக மல்லாத்தினேன்.
லேப்டாப்பை எடுத்துத் தனியே நீட்டினேன்,
டிரே தேடினேன்,
கைக்கடிகாரத்தைக் கழற்ற ஆரம்பித்திருந்தேன்.

குளியலறைக் கதவைத் தவறித் திறந்தவர் மாதிரி
அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.
'மதி, மதி. அடச்சோளூ.'

அடைக்கும்போதுதான் கண்டேன்,
மஞ்சள் மூலையில் புதுப்பைக்கே உரிய
ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம்.
எடுத்துச் சுடிதார் பாக்கெட்டில் போட்டேன்.
அங்கே ஏற்கெனவே
ஒரு வாஷர் கிடந்தது.