ஹொக்சிப்

மஹாச்சாய் ரயிலடிச் சந்தையில்
கையகல போத்தல்களுக்குள் நின்றார்கள்,
ஒருவன் முகம் இன்னொருவனுக்குத் தெரியாதபடி
நடுவே அட்டை செருகி.
அட்டையை எடுத்தால் என்ன ஆகும் என்றேன்.
விற்கிற பெண் புன்யாவீ உருவிக் காட்டினாள்
ஒரு மூச்சு நேரம்.
இரண்டு நீலங்கள் பற்றிக்கொண்டன.
உடனே செருகிவிட்டாள்.
"போதும், பாவம்."

அறுபது பாட் கொடுத்தேன்.
பெயர் தேடும் அளவுக்குத் தூக்கம் மிச்சமில்லை,
விலையையே வைத்தேன்:
ஹொக்சிப். அறுபது.

எனக்கு இறால் கம்பெனியில் இரவு ஷிஃப்ட்.
குளிர்கூடத்தில் நான்கு டிகிரி.
அவனுக்கோ
இருபத்தாறுக்குக் கீழே இறங்கக் கூடாது.
விடிந்து வந்து தொட்டியில் விரல் வைத்தால்
எந்தத் தண்ணீரும் வெந்நீர்தான் எனக்கு.
அதனால் விரலை நம்புவதில்லை,
ஒட்டி வைத்த வெப்பமானியின் சிவப்புக் கோட்டைத்தான்.

குழாய்த் தண்ணீர் முதல் நாளே வாளியில் காத்திருக்கும்,
மருந்து இரண்டு சொட்டு வாங்கிக்கொண்டு.
ஞாயிறுதோறும் கால் பங்கு மட்டும் மாற்றுவேன்.
மொத்தமாக மாற்றினால்
வீடு காலிசெய்த மாதிரி இருக்குமாம்.
ஆறு வருடத்தில் ஐந்து அறை மாறியவள்,
எனக்கா தெரியாது.

கம்பெனி வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு வாதுமை மரம்.
மான்காது என்போம் அதை.
உதிர்ந்து காய்ந்த இலையாகப் பார்த்து
சீருடைப் பையில் கொண்டுவருவேன்.
காவலாளி ஒருமுறை பையைக் குடைந்துவிட்டு
என் முகத்தையே பார்த்தான்.
ஊறினால் தண்ணீர் டீ நிறமாகும்.
அந்த மங்கலில் அவன் உடம்பு தளர்வதை
நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த அறை ஊன்ருவானிடம் சாவி கொடுத்துப் போன வாரம்
அன்பு மிகுந்து
வேளைக்கு மூன்று மணிக்குப் பதில் முப்பது போட்டிருக்கிறாள்.
வயிறு எலுமிச்சம்பழம்.
இரண்டு நாள் பட்டினி போட்டேன்.
அவளோடும் பேசவில்லை,
அது பட்டினிக் கணக்கில் சேராது.

இத்தனைக்கும் பிறகு
அவன் வால் கிழிந்துகொண்டே வந்தது.
கல் உரசுகிறதோ என்று கல்லை எடுத்தேன்.
பிளாஸ்டிக் செடியை எடுத்துப் பட்டுச்செடி வைத்தேன்.
தண்ணீர்ச் சோதனைத் தாள் பச்சை காட்டியது,
நல்ல பச்சை.
ஆனாலும் பக்கவாட்டில் வெளிறிய கோடுகள்,
பகலெல்லாம் மூலையில்
செதில் ஒடுக்கிக் கிடந்தான்.

புத்தாண்டுக்கு மின்சாரம் பார்க்கக் கம்பெனியை மூடினார்கள்.
ஒரு ராத்திரி நான் வீட்டில்.
வழக்கம்போல் அறை விளக்கை அணைத்தேன்,
தொட்டி விளக்கு எரிந்தபடி.
இருட்டில் பயப்படுவான் என்று
நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் எரியவிட்டுப் போகும் விளக்கு.

அப்போது பார்த்தேன்.
வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம்.
நான்கு பக்கக் கண்ணாடியிலும்
நான்கு நீலங்கள் பற்றி நின்றன.
ஒன்றை விரட்டித் திரும்புகிறான்,
இன்னொன்று.
செவுள் விரிகிறது, சுருங்குகிறது, விரிகிறது.
தோற்கவும் தெரியாத எதிரி.
வாலைத் தானே கடித்துக்கொண்டான்.

நாலு மாதம்.
ராத்திரிக்குப் பத்து மணி நேரம்.
என் பாசம்
பல்லோடு எரிந்துகொண்டிருந்தது.

அணைத்தேன்.

விசிறிச் சத்தம் மட்டும்.
கீழே யாரோ மோட்டார்சைக்கிளை உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை.
இருட்டு பழகியதும் குனிந்தேன்:
பட்டுச்செடியின் அகன்ற இலைமேல்
ஒருக்களித்துக் கிடந்தான், அசையாமல்,
செத்தவன் மாதிரி.

கண்ணாடியில் தட்டிப் பார்க்கக் கை எழுந்தது.
எழுந்த கையை
மடியில் வைத்துக்கொண்டேன்.

வெகு நேரம் கழித்து மேலே வந்து
ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு
திரும்பப் போய்ப் படுத்தான்.